கஷ்டகாலத்தில் செபிக்கத் தொடங்குவது எப்படி? வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செபித்துப் பழக்கமே இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்ன வயதில் ஞானஸ்நானம் பெற்று, பிறகு கோயில் பக்கம் போகாமல் விட்டவர்கள் இருப்பீர்கள். சைவக் குடும்பத்தில் பிறந்து, இயேசுவிடமும் ஒருமுறை கதைத்துப் பார்ப்போமே என்று நினைக்கிறவர்களும் இருப்பீர்கள். இரண்டு பேருக்கும் வழி ஒன்றுதான். செபிப்பதற்கு மதம் மாறவேண்டியதில்லை, யாரிடமும் பெயர் பதியவும் தேவையில்லை.

வன்னியில் கஷ்டம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இடம்பெயர்வு, முள்ளிவாய்க்கால், மெனிக் பாம் முகாம், திரும்பி வந்து பார்த்தால் கூரையில்லாத வீடு. அதற்குப் பிறகு வங்கிக் கடன், லீசிங், நுண்கடன். ஒரு காலபோக வெள்ளாமை வெள்ளத்தில் போகும், அடுத்தது மழையில்லாமல் கருகும். இதற்கெல்லாம் நடுவில் "செபியுங்கோ, எல்லாம் சரிவரும்" என்று யாராவது வந்து சொன்னால் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தோடேயே தொடங்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. செபத்துக்கு முதலில் வேண்டியது உண்மை. பக்தியும் நல்ல சொற்களும் மன அமைதியும் பிறகு வரலாம், வராமலும் இருக்கலாம்.

முதலில், தண்டனை என்ற எண்ணத்தை இறக்கி வையுங்கள்

"நாங்கள் என்ன பாவம் செய்தோம், எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" போருக்குப் பிறகு வன்னியில் இந்தக் கேள்வி கேட்கப்படாத வீடு இருக்காது. கேள்வியில் பிழையில்லை. ஆனால் அதற்கு ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருப்பவர்கள் வருவார்கள்: கடவுள் தண்டித்தார், முன்னோர் செய்த வினை, நேர்த்தி வைத்துத் தீர்க்காமல் விட்டதன் பலன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இப்படிச் சொல்வது கொடுமை. இயேசுவின் பெயரால் அதைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வியை அவரிடமே நேரடியாகக் கேட்டிருக்கிறார்கள்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அப்படி இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார். யோவான் 9இல், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டு பேருமில்லை என்பது அவர் பதில்.

விவிலியத்தில் வரும் யோபுவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. ஒரே நாளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தவர் அவர். பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு வாயே திறக்காமல் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்லது செய்தார்கள். வாய் திறந்தபோதோ, நீ ஏதோ பிழை செய்திருக்கிறாய் என்று பிரசங்கம் பண்ணினார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களைத்தான் கோபித்துக்கொள்கிறார். கத்திக் கத்தி முறையிட்ட யோபு சரியாகப் பேசினான் என்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு உதவும்.

இடமும் நேரமும்

இதில் கனக்க யோசிக்காதீர்கள். விடியப்புறம் அடுப்பு மூட்டுமுன், வயலில் தண்ணி மாறிக் கட்டிவிட்டு வரம்பில் இருக்கும்போது, பிள்ளைகள் படுத்த பிறகு, எது முடிகிறதோ அது. பத்து நிமிடம் போதும். சிலுவையோ படமோ இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முழங்காலில் நிற்க ஏலாதவர்கள் கதிரையில் இருக்கலாம். ஒன்று மட்டும் முக்கியம்: அந்தப் பத்து நிமிடமும் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

தனியறை இல்லையே என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு சொல். கதவைச் சாத்திக்கொண்டு செபி என்று இயேசு சொன்னது, ஊருக்குக் காட்டுவதற்காகச் செபிக்காதே என்பதற்காக. கதவே இல்லாத தறப்பாள் கொட்டிலுக்குள் ஆயிரக்கணக்கான பேர் செபித்த மண் இது.

நடந்ததைச் சொல்லுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். செபம் என்றால் பாதர் பூசையில் சொல்வதுபோலச் சுத்தமான தமிழில், நன்றியும் புகழ்ச்சியுமாக இருக்கவேண்டும் என்று நினைத்து, இரண்டு வசனத்துக்குமேல் வராமல் நின்றுவிடுகிறார்கள். அப்படித் தொடங்கவேண்டாம். நேற்று என்ன நடந்தது, இன்றைக்கு என்ன பயம், அதைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு:

"ஆண்டவரே, அறுவடைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வெள்ளம் வந்தது. மிஞ்சின நெல்லை விற்ற காசு உரக் கடனுக்கே காணவில்லை. வாற 15ஆம் திகதி லீசிங் கட்டவேணும். கையில் ஒன்றுமில்லை. மனிசிக்கு இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பயமாயிருக்கு. நீர் எங்கே இருக்கிறீர் என்று எனக்குத் தெரியவில்லை."

இதில் புகழ்ச்சி இல்லை, இன்னும் ஒன்றும் கேட்கவுமில்லை. ஆனாலும் இது முழுமையான ஒரு செபம். கடவுளைப் பார்த்து "நீர்" என்று சொல்லியாயிற்று. அந்த ஒரு சொல்லோடு அது தனிப் புலம்பலாக இல்லாமல் ஒருவரிடம் சொன்ன முறைப்பாடாகிவிடுகிறது. மற்றவர்களுக்குச் சொல்லாததை, மனைவிக்குச் சொல்லாததை, அவரிடம் சொல்லிவிட்டீர்கள். நம்பிக்கை என்பது அங்கே முளைவிடத் தொடங்கிவிட்டது, நீங்கள் அதை உணராவிட்டாலும்.

கடவுளிடம் இப்படிக் கதைக்கலாமா, குற்றமாகாதா என்று கேட்பவர்கள் விவிலியத்தில் இருக்கும் திருப்பாடல்களை (சங்கீதங்களை) திறக்கவேண்டும். மொத்தம் 150 பாடல்கள். அவற்றில் பெரும் பங்கு முறைப்பாடு. 13ஆம் பாடல் ஆறே வசனம். இன்னும் எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்குகிறது. 69ஆவது, கழுத்துமட்டும் தண்ணி வந்துவிட்டது, கால் வைக்க இடமில்லாமல் சேற்றுக்குள் தாழ்கிறேன் என்கிறது. வெள்ளத்தில் குளக்கட்டுப் பக்கம் ஓடியவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. 44ஆவது ஒரு சனமே சேர்ந்து பாடும் பாட்டு: நாங்கள் உம்மை மறக்கவில்லையே, பிறகேன் எங்களை அடிபட விட்டீர், ஏன் உறங்குகிறீர், எழும்பும் என்று கடவுளைப் பார்த்தே கேட்கிறது. எங்கள் சனத்துக்கென்றே எழுதியதுபோல எனக்குத் தோன்றும் பாடல் அது. இயேசு சிலுவையில் தொங்கியபோது சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் 22ஆம் பாடலின் முதல் வரிதான்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. ஒப்பாரியின் இழுவையோடு அதைப் பாடும்போது, ஆண்டவருடைய பாடுகளுக்காக அழுகிற சனம் தங்கள் வீட்டு இழப்புக்காகவும் சேர்த்துத்தான் அழும். கோயிலுக்குள் அழுவதற்கு இடமுண்டு என்பதை எங்கள் பாட்டிமார் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

முதல் கிழமை முழுக்க இந்த ஒரு படியிலேயே நில்லுங்கள். தினமும் நடந்ததைச் சொல்லி, முடிவில் 13ஆம் பாடலை வாய்விட்டு வாசியுங்கள். முதல் நான்கு வசனமும் முறைப்பாடும் மன்றாட்டும், கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது. அந்த இரண்டையும் சொல்ல மனம் ஒப்பாவிட்டால் நான்கோடு நிறுத்துங்கள். ஒருநாள் மிச்சத்தையும் சொல்லவேண்டும்போல இருக்கும், அப்போது சொல்லுங்கள்.

சொல் வராத நாட்களில்

சில நாட்களில் கதைக்கவும் ஏலாது. அதற்கு மூன்று வழி சொல்கிறேன்.

ஒன்று, ஒற்றை வரிச் செபம். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்பது பூசையிலேயே சொல்வது. கடலில் தாழத் தொடங்கியபோது பேதுரு சொன்னது "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்" என்ற ஒரு வரிதான். நீட்டிச் சொல்ல அவருக்கு நேரமிருக்கவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி என்று சொல்லிப் பாருங்கள். பஸ்ஸிலும் சொல்லலாம், ஆஸ்பத்திரி வாங்கிலும் சொல்லலாம்.

இரண்டு, இயேசு கற்பித்த செபம். பாடமாகத் தெரிந்தால் ஓட்டமாகச் சொல்லாமல் ஒரு வரியில் நில்லுங்கள். "எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரியில் நின்றால், வீட்டில் எத்தனை கொத்து அரிசி இருக்கிறதென்பதும் செபத்துக்குள் வந்துவிடும். வரவேண்டும். அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்கச் சொல்லாமல் இன்றைக்குக் கேட்கச் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். கடன்காரருக்குத் தெரியும், ஒரு நாளைத் தாண்டுவதே எவ்வளவு பெரிய காரியமென்று.

மூன்றாவது, செபமாலை, மணிகளை உருட்டி எண்ணிச் சொல்லும் செபம். கத்தோலிக்கக் குடும்பங்களில் வளராதவர்களுக்கு இது சிக்கலாகத் தெரியும். சிக்கலில்லை. சிலுவையைப் பிடித்து நம்பிக்கை அறிக்கை சொல்லவேண்டும். பிறகு ஒரு கர்த்தர் கற்பித்த செபம் (மேலே சொன்ன இயேசு கற்பித்த செபம்தான்), மூன்று அருள்நிறைந்த மரியே (மாதாவிடம் சொல்லும் செபம்), ஒரு திரித்துவப் புகழ் (தந்தை, மகன், தூய ஆவிக்குப் புகழ் சொல்லும் சிறு செபம்). அதன்பின் பத்துப் பத்து மணியாக ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இயேசுவின் வாழ்க்கையிலிருந்து ஒரு காட்சியை நினைத்துக்கொண்டு, கர்த்தர் கற்பித்த செபம் ஒன்று, அருள்நிறைந்த மரியே பத்து, திரித்துவப் புகழ் ஒன்று. முழுதும் சொல்ல இருபது நிமிடம் பிடிக்கும். கஷ்டத்தில் இருப்பவர்கள் துயர மறைபொருளில் தொடங்கலாம். முறைப்படி அது செவ்வாயும் வெள்ளியும். கெத்சமனியில் பயந்து செபித்தது, கற்றூணில் அடிபட்டது, முள்முடி, சிலுவை சுமந்தது, சிலுவையில் இறந்தது, இந்த ஐந்தும்தான். செபமாலை செய்யும் வேலை என்னவென்றால், மனம் ஓடித் திரியும்போது கைக்கும் வாய்க்கும் ஒரு பிடிப்பைக் கொடுப்பது. மெனிக் பாமில் மணியில்லாதவர்கள் விரல் மடித்து எண்ணினார்கள், சிலர் சாக்கு நூலில் பத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். பின்னேரம் தண்ணி வரிசையில் நின்றபடியே அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாய்ப் பெருவிரலால் தள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை இன்னும் நினைவிருக்கிறது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே சபைகளில் செபமாலை இல்லை. அங்கே போகிறவர்கள் திருப்பாடலையே திரும்பத் திரும்ப வாசிக்கலாம். 23, 27, 46, 121, 130 ஆகியவை நல்ல தொடக்கம். நித்திரை வராத இரவுக்கு 121.

கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்

எரிக்கோ வீதியோரம் இருந்த பார்வையற்ற பர்த்திமேயு சத்தம்போட்டுக் கூப்பிட்டபோது, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டார். பார்த்தாலே தெரியும், இருந்தும் கேட்டார். அந்த மனிதரின் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார். அதுபோல "எல்லாம் நல்லா நடக்கவேணும்" என்று பொதுவாகச் சொல்லாமல், லீசிங்காரர் ஒரு மாதம் தவணை தரவேணும், மகளுக்கு நாளைக்கு வரும் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இருக்கக்கூடாது, அண்ணனும் நானும் திரும்பக் கதைக்கவேணும் என்று பெயரும் திகதியும் வைத்துக் கேளுங்கள்.

கேட்ட பிறகு கெத்சமனியில் இயேசு சொன்னதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படி. ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது. அவர் முதலில் இந்தத் துன்பக் கிண்ணத்தை என்னைவிட்டு அகற்றும் என்று வெளிப்படையாகக் கேட்டார், மூன்று முறை கேட்டார். அதற்குப் பிறகுதான் மற்றது. கேட்காமலேயே "உம் சித்தம்" என்று சொல்லிவிட்டு எழும்புவது பணிவுபோலத் தெரியும். பல நேரம் அது ஏமாற்றத்துக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொள்வது.

நேர்த்தி பற்றியும் சொல்லவேண்டும். நேர்த்தி வைப்பது எங்கள் பக்கத்தில் சைவருக்கும் வேதக்காரருக்கும் பொதுவான பழக்கம். நன்றியாகச் செய்வது அழகு. ஆனால் கடனில் இருக்கிறவர் இன்னும் கடன் வாங்கி நேர்த்தி தீர்க்கவேண்டாம். ஏலாத நேர்த்தியை வைத்துவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்கள் பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னால் அவர் அதை உங்களால் முடிந்த வேறொன்றாக மாற்றித் தருவார்.

பதில் வராதபோது

இதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை, வன்னியில் பதில் வராத செபங்கள் அவ்வளவு இருக்கின்றன.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரம் கொட்டில் போட்டு இருந்தார்கள். பிள்ளை எங்கே என்ற ஒரே கேள்வி. பதிலைக் கேட்காமலேயே கண்மூடிய தாய் தகப்பன்மார் கனபேர். 2009 மே மாதம் சரணடைந்தவர்களோடு கூடப் போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்றுவரை திரும்பவில்லை. செபம் கற்பித்தவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் வந்து கேட்கும் கேள்வி இது: "உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ தெரியாத ஆளுக்கு எப்படிச் செபிக்கிறது? பூசைக்குக் கொடுத்தால் என்னவென்று கொடுக்கிறது?" இளைப்பாற்றிக்கென்று, அதாவது இறந்தவருக்கான பூசையாக, கொடுத்தால் மகனைத் தன் கையாலேயே புதைத்ததுபோல இருக்கிறது என்று ஒரு தாய் சொன்னார்.

சரி, வழி என்ன? பெயரை மட்டும் கொடுங்கள். "இன்னாருக்காக" என்று பூசைக்கருத்தில் எழுதினால் போதும், அதற்குமேல் எழுதவேண்டிய கட்டாயமில்லை. வீட்டில் செபிக்கும்போதும் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, அவன் எங்கே இருந்தாலும் உம் கையில் இருக்கட்டும், அவனுக்கு என்ன நடந்ததென்ற உண்மையை எங்களுக்குத் தாரும்" என்று சொல்லலாம். எங்கே இருந்தாலும் என்பதற்குள் எல்லாம் அடங்கும். செத்தவர் பட்டியலில் சேர், அல்லது சேர்க்காதே என்று உங்களை நெருக்க யாருக்கும் உரிமையில்லை, குருவானவருக்கும்கூட. நவம்பர் 2ஆம் திகதி, இறந்தோர் நினைவுநாளில், ஊர் முழுக்கச் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும்போது நீங்கள் போக விரும்பாவிட்டால் போகவேண்டாம். போய், எந்தக் கல்லறைக்கும் இல்லாமல் பெரிய சிலுவையடியில் ஒரு திரி ஏற்ற விரும்பினால் அதுவும் சரி.

நீதி கேட்பதும் செபம்தான். லூக்கா 18இல், நேர்மையில்லாத நடுவரின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய் எனக்கு நீதி வழங்கும் என்று நச்சரித்த கைம்பெண்ணைப் பற்றி இயேசு சொல்கிறார். மனந்தளராமல் செபிக்கவேண்டும் என்பதற்கு அவர் காட்டிய மாதிரியே அந்தப் பெண்தான். ஆகவே பந்தலில் பதாகையோடு இருந்துவிட்டு வந்து, இன்றைக்குச் செபிக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

பதில் வராத காலத்தில் நம்பிக்கை என்றால் என்ன? நன்றாக முடியும் என்று நெஞ்சுக்குள் ஒரு நிச்சயம் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லாததால் தங்களுக்கு விசுவாசமே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். 88ஆம் திருப்பாடலைப் பாருங்கள். மற்ற முறைப்பாட்டுப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு வெளிச்சத்தைத் தொடும். இது இருளிலேயே தொடங்கி இருள் என்ற சொல்லிலேயே முடிகிறது. ஆனால் அந்த ஆள் இரவும் பகலும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அந்தக் கூப்பிடுதலையே நான் நம்பிக்கை என்று சொல்வேன். அதற்குமேல் உங்களிடம் இல்லாவிட்டால், வலிப்பு வந்த பிள்ளையின் தகப்பன் மாற்கு 9இல் சொன்னது இருக்கிறது: நம்புகிறேன், என் நம்பிக்கையில்லாமைக்கும் நீரே உதவும்.

உடம்பையும் பாருங்கள்

எலியா என்ற இறைவாக்கினர் ஒருநாள் பாலைவனத்தில் ஒரு செடிக்குக் கீழே படுத்து, போதும், என் உயிரை எடும் என்று செபித்தார். கடவுள் அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. நித்திரை கொள்ள விட்டு, வானதூதரை அனுப்பி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணியும் கொடுத்தார். திரும்பப் படுத்தார், திரும்பவும் கொடுத்தார். 1 அரசர் 19இல் இருக்கிறது.

ஆகவே பட்டினி கிடந்து நேர்ந்து செபிப்பதை இந்தக் காலத்தில் தொடங்காதீர்கள். சாப்பிடுங்கள், படுங்கள். நித்திரையே இல்லை, போரில் கண்டது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வருகிறது, செத்தால் நல்லது என்ற எண்ணம் வருகிறது என்றால் செபத்தோடு சேர்த்து மருத்துவரிடமும் போகவேண்டும். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அங்கே போவது விசுவாசக் குறைவு ஆகாது. குளிசையை நிறுத்திவிட்டுச் செபி என்று யாராவது சொன்னால், அவர் போதகரானாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வந்த ஊழியக்காரரானாலும் சரி, அந்த இடத்தைவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

ஆட்களோடு சேருங்கள்

தனியே செபித்துப் பழகியதும், ஒரு ஞாயிறு கோயிலுக்குப் போங்கள். கடைசி வாங்கில் இருக்கலாம். மற்றவர்கள் எழும்பும்போது எழும்பினால் போதும். பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணையை வாங்குவது திருச்சபையில் சேர்ந்தவர்களுக்கு உரியது. சேராதவர்கள் அந்த நேரம் இருந்த இடத்திலேயே இருந்து செபிக்கலாம், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். பூசை முடிந்ததும் பாதரையோ சிஸ்டரையோ கண்டு, கஷ்டத்தில் இருக்கிறேன், செபிக்கப் பழகுகிறேன் என்று சொல்லுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் பத்துப் பதினைந்து வீட்டார் கூடும் அன்பியம் இருக்கும். கோயிலைவிட அங்கேதான் புது ஆட்கள் வாய் திறப்பார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து, விவிலியம் வாசித்து, ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லி, பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். உங்கள் முறை வரும்போது வாய் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொட்டால் அவர் தொடர்வார்.

எந்தச் சபையானாலும் சில விஷயங்களைக் கவனியுங்கள். காசு கொடுத்தால் செபம் பலிக்கும் என்கிறார்களா? உங்கள் சைவ உறவுகளோடு பழகாதே என்கிறார்களா? நீ கேட்டது கிடைக்காததற்கு உன் விசுவாசக் குறைவுதான் காரணம் என்கிறார்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது உங்களுக்குரிய இடம் அல்ல. மாறாக, உங்கள் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்கிற, கடன்காரனோடு கதைக்கக் கூட வருகிற, சொன்னதை வெளியில் கொண்டுபோகாத ஆட்கள் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

மடுவுக்கு ஒருமுறை

வன்னியில் செபிக்கத் தொடங்குகிறவருக்கு மடு மாதா கோயிலைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. அது கஷ்டப்பட்டவர்களால் உருவான இடம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தைச் சனம் தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மருதமடுவில் வைத்தார்கள். அந்த மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தவர். 1999 நவம்பரில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் ஷெல் விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, அந்த ஓகஸ்டில் திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்து, போரில் பாதிக்கப்பட்ட இரு பக்கத்துக் குடும்பங்களோடும் செபித்தார்.

ஜூலை 2, ஓகஸ்ட் 15 திருநாட்களுக்கு லட்சக்கணக்கில் சனம் வரும், குடும்பமாக மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டுத் தங்கும். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே கோயிலில் செபம் கேட்கும். அந்த ஆரவாரம் சிலருக்குத் தெம்பு தரும். ஆனால் முதல்முறை மனப்பாரத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது, திருநாள் இல்லாத ஒரு சாதாரணக் கிழமைநாளில் போங்கள் என்றுதான்.

மதவாச்சி–மன்னார் வீதியில் மடுச் சந்தியில் இறங்கி உள்ளே போகவேண்டும். ரயிலில் வருவதென்றால் தலைமன்னார் பாதையில் மடு வீதி நிலையம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வருபவர்களுக்கு வவுனியா வழியாக வருவது சுலபம். தண்ணிப் போத்தலும் மத்தியானச் சாப்பாடும் கொண்டுபோங்கள். உள்ளே போனதும் உடனே முன்னுக்குப் போய் விழவேண்டாம், அரை மணித்தியாலமாவது பின்னால் இருங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு சிங்களத் தாயும் தான் இழந்த பிள்ளையின் படத்தோடு இருக்கக்கூடும். வீட்டில் பழகிய செபத்தையே இங்கேயும் சொல்லுங்கள், புதிதாக ஒன்றும் தேடவேண்டியதில்லை. சத்தமாக அழுகை வந்தால் அழுங்கள், யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். பலர் திரும்பும்போது மடு மண்ணைக் கொஞ்சம் லேஞ்சியில் முடிந்துகொண்டு போவார்கள். நீங்களும் எடுக்கலாம். பின்னேர பஸ் குறைவு, ஆகவே திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள்.